கோப்பிக் காலத்து 44 ஆண்டுகள்



இலங்கைத் தேயிலைக்கு 150 வயது நிறைந்துவிட்டதென்று 2017ஆம் ஆண்டிலே கொண்டாடினார்கள். மலையகத் தமிழ் மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்துவிட்டனவென்று 2023ஆம் ஆண்டிலே நினைவுகூர்ந்தார்கள். இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தேயிலைக்குத் தொடக்கம் 1867. மக்களுக்குத் தொடக்கம் 1823. இடையிலே 44 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த 44 ஆண்டுகளும் இம்மக்கள் மலையிலே என்ன செய்தார்கள்? கொழுந்து பறித்தார்கள் என்று சொல்ல முடியாது. பறிப்பதற்கு அன்று கொழுந்தே இல்லை. அவர்கள் பறித்தது கோப்பிப் பழம்.

கோப்பிக் காலத்தைப் பற்றி நூல்களிலே படித்திருந்தேன். ஆயினும் அந்த மண்ணை மிதித்துப் பார்க்கவேண்டும், அங்கே இன்றும் வாழ்கின்றவர்களின் வாயால் ஏதேனும் கேட்கவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. மாத்தளையிலிருந்து புறப்பட்டு, ரத்தோட்டைப் பக்கத்து மலைகளில் ஏறி, பின்னர் கண்டிக்குத் திரும்பி, கலஹா வழியாக லூல்கந்துர வரை போய்வந்தேன். கண்டவற்றையும் கேட்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய உரை.

முதலில் கதையின் அடியைச் சற்றுத் தொட்டுக்கொள்வோம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மலைநாட்டை அடக்கி ஆள்வதற்குத் தெரு வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாறையை உடைத்துத் தெரு போட்டார்கள். தெரு வந்ததும் பயிருக்கும் பணத்துக்கும் வழி திறந்தது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் தாமே பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். அன்றைய தேசாதிபதிக்கும் அதிகாரிகளுக்கும் பயிர்ச்செய்கை ஒரு சொந்தத் தொழிலாகவும் இருந்தது.

ஆனால் கோப்பி பெருகியது இலங்கையில் நடந்தவற்றால் மட்டும் அன்று. 1830களில் மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அங்கே கோப்பி விளைச்சல் விழுந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவிலே ஒரே தீர்வை என்றாயிற்று. உடனே மூலதனம் கண்டி மலைகளை நோக்கி ஓடிவந்தது. கடலுக்கு அப்பாலே அடிமையின் விலங்கு அறுந்தபோது, அந்த வேலைக்கு வேறு கைகளைத் தேடினார்கள். அந்தக் கைகள் தென்னிந்தியக் கிராமங்களிலே பஞ்சத்தோடும் கடனோடும் காத்திருந்தன.

மாத்தளைக்கு வருவோம். இன்று மாத்தளைப் பட்டினத்திலே நிற்பவருக்கு அது கண்டிக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஒரு கடைத்தெருவாகவே தெரியும். முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம் தெருவோரத்திலே உயர்ந்து நிற்கிறது. பஸ் வண்டிகள் ஓயாமல் போய்வருகின்றன. ஆனால் கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்களுக்கு இதுதான் முதல் மலைவாசல். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் முதலிய இடங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள், தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் இராமேஸ்வரத்திலும் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடு வழியாக நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று ஏறக்குறைய 150 மைல். வடபாதை என்று அதற்குப் பெயர். மக்கள் தங்கள் ஊரிலே அதைக் கண்டிச் சீமைக்குப் போகும் வழி என்றார்கள்.

பட்டினத்திலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு வழித்துணையாக வந்தார். நாலந்தாப் பக்கமாகத் திரும்பும் தெருவைக் காட்டி அவர் சொன்னார்: “மாரியம்மன் இங்கே ஏன் இருக்கிறாள் என்று யோசித்தீர்களா? அம்மையும் வாந்திபேதியும் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவன் முதலில் தேடுகிற தெய்வம் அவள்தானே.”

அவர் சொன்னதிலே பொருள் உண்டு. அந்தப் பாதையிலே குடிநீர் அரிது. கொள்ளைநோய் வந்தால் கூட்டத்தோடு விழுவார்கள். நடக்க மாட்டாதவரை விட்டுவிட்டுப் போவதைத் தவிர மற்றவருக்கு வேறு வழி இருந்திராது. 1841 முதல் 1849 வரையிலான காலத்திலே 70,000 பேர் மாண்டார்கள் என்ற மதிப்பீடு ஒன்று பல நூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தத் தொகை மிகை என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். தொகையைப் பற்றி விவாதிக்க நேர்வதே துயரமான செய்திதான். இறந்தவரை யாராவது எண்ணிப் பதிந்திருந்தால் விவாதத்துக்கு இடமேது? வந்தவரைத் தலைக்கணக்கில் எண்ணினார்கள். ஏற்றுமதியான கோப்பியை அந்தர் கணக்கில் எழுதி வைத்தார்கள். 1870ஆம் ஆண்டிலே 10 லட்சம் அந்தருக்கும் அதிகமான கோப்பி இந்நாட்டிலிருந்து கப்பலேறியது என்று இன்றும் நாம் சொல்ல முடிகிறது. அந்தக் கோப்பியைப் பறிக்க வந்து வழியிலே கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் தெரு மேலே ஏற ஏற, காற்றிலே மிளகும் கராம்பும் மணக்கும். வழியிலே ஒரு சிங்களக் கிராமத்தில் இறங்கினேன். எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தைக் காட்டினார். பலா, கித்துள், பாக்கு, மிளகுக்கொடி எல்லாம் கலந்து நின்றன. அவற்றின் நிழலிலே, யாரும் கவனித்து வளர்த்ததாகத் தெரியாத கோப்பி மரங்கள் பத்துப் பன்னிரண்டு.

அவருடைய மனைவி கோப்பி தந்தார். வீட்டிலே வறுத்து, உரலிலே இடித்து, சிறிது கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்த்த கோப்பி. சீனி போடவில்லை. ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கையிலே கொடுத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். கோப்பியை இந்நாட்டுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் குடித்துப் பார்க்கலாம். கண்டிக் கிராமங்களிலே அவர்களுக்கு முன்னரே கோப்பிச் செடி இருந்தது. தோட்டங்கள் பெருகிய பின்னரும், ஏற்றுமதியான கோப்பியிலே கணிசமான பங்கு இத்தகைய கிராமத்து வளவுகளிலிருந்தே சென்றது.

“சிங்களவர் தோட்டத்தில் வேலை செய்ய மறுத்தார்கள், அவர்கள் சோம்பேறிகள் என்று வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார்களே?” என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். “மாத்தயா, எங்களுக்கு வயல் இருந்தது. வளவில் கோப்பியும் இருந்தது. நான் ஏன் இன்னொருவனுடைய கோப்பியைப் பறிக்கப் போகவேண்டும்?” என்று சிங்களத்திலே சொன்னார். பிறகு மேலே, மேகம் தொட்டுக்கொண்டிருந்த ஒரு தேயிலை மலையைக் காட்டினார். “அது எங்கள் ஊர்ச் சேனையாக இருந்ததாம். குரக்கன் விதைத்தார்களாம். மாடு மேய்த்தார்களாம். என் பாட்டனார் அவருடைய பாட்டனாரிடம் கேட்ட கதை.”

அந்தச் சேனை எப்படித் தோட்டமாயிற்று? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்தது. காடும், தரிசும், பயிரிடாது கிடக்கும் நிலமும் முடிக்குரியவை என்று கொள்ளப்படும். தமக்குரியது என்று சொல்பவரே அதை நிரூபிக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். கண்டிப் பகுதியிலே சேனை நிலத்துக்கு உரிமை கேட்பவர் அரசர் கொடுத்த சன்னஸ் போன்ற ஆவணத்தைக் காட்டவேண்டும். தலைமுறை தலைமுறையாக ஊரே சேர்ந்து பயன்படுத்திய சேனைக்கு ஓலை யார் எழுதி வைத்தார்? நிலம் முடியிடம் போனது. முடியிடமிருந்து மலிவான விலைக்குத் துரைமாரிடம் போனது. 1848இல் மாத்தளையிலே கிளர்ச்சி மூண்டதற்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம் என்றாலும், இந்த நில இழப்பும் மக்கள் மனத்திலே கனன்றுகொண்டிருந்தது. அந்தக் கிளர்ச்சியிலே பிடிபட்ட புரன் அப்பு அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். முதற் காடுகளை வெட்டிச் சாய்த்த கோடரிகள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவருடையவை. கொந்தரப்பு எடுத்துக் காடு வெட்டினார்கள். கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோன மாட்டு வண்டிகளை ஓட்டியவர்கள் கரையோரச் சிங்களவர். நட்டும் களை பிடுங்கியும் பழம் பறித்தும் நின்றவர்கள் தமிழர். ஒரு கிண்ணக் கோப்பிக்குள்ளே இவ்வளவு பேருடைய உழைப்பும் இருந்தது. இலாபத்திலே இவர்களுள் எவருக்கும் பங்கு இருக்கவில்லை.

பெரியவரிடம் விடைபெற்று, அவர் காட்டிய அதே மலைக்கு ஏறினேன். பாதி தூரம் வரை வான். பிறகு நடை. தோட்டத்து லயம் ஒன்றின் வாசலிலே ஓர் அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கூடை மருமகளுடையதாம். எழுபது கடந்தும் கண்பார்வை கூர்மை. நான் எதற்காக வந்தேன் என்று சொன்னதும் திண்ணையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

“கோப்பிக் காலமா? அது நாங்க பாக்காத காலம் ஐயா. ஆனா எங்க தாத்தா சொல்லுவாரு. அவரோட பாட்டன்தான் மொதல்ல வந்தவராம். மாரியாத்தாளைத் தலையில சொமந்துக்கிட்டு நடந்தே வந்தாராம். அப்ப எல்லாரும் வருவாங்களாம், பழம் எடுப்பாங்களாம், திரும்ப ஊருக்குப் போயிருவாங்களாம்.”

நேயர்களே, அந்த அம்மா நான்கே வாக்கியங்களில் சொன்னது பொருளாதார வரலாற்று நூல்கள் பல பக்கங்களிலே சொல்கின்ற செய்தி. கோப்பி ஒரு பருவப் பயிர். ஆண்டின் இறுதி மாதங்களிலே பழம் சிவக்கும். அப்போது ஆயிரமாயிரம் கைகள் வேண்டும். அறுவடை தீர்ந்தால் அத்தனை பேர் வேண்டியதில்லை. ஆகவே கோப்பிக் காலத்துத் தொழிலாளரிலே பெரும்பாலோர் வந்து போகின்றவர்கள். ஆண்களே மிகுதி. தேயிலை அப்படியன்று. ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். பெண்களின் கை வேண்டும். குடும்பம் வேண்டும். மக்கள் மலையிலே நிலைத்தது இந்த மாற்றத்தினால்தான்.

வந்து போகிறவர்கள் என்றாலும் அவர்கள் சுதந்திரமாக வந்து போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரிலே கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகித் தோட்டத்திலே காத்திருக்கும். வழிச்செலவும் அரிசிக் கணக்கும் அதன்மேல் ஏறும். கடன் தீர்ந்தாலன்றி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி துண்டு முறை ஒன்றும் பின்னர் வளர்ந்தது. தொழிலாளியின் கடன் தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கட்டுகிறவர் அவனை எடுத்துக்கொள்ளலாம். அந்த முறை ஒழிந்தது 1921இலேதான். இம்மக்களிடம் காகிதமே இருக்கவில்லை என்று சொல்வது பிழை. கடன் காகிதம் மட்டும் தவறாமல் இருந்தது.

பேச்சினிடையே அம்மாவின் பேரன் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்தான். “ஸ்டோர்லேர்ந்து இப்பதான் வர்றியா?” என்று அம்மா கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்திலே ஸ்டோர் என்பார்கள். கோப்பியைக் காயவைத்துச் சேர்த்து வைக்கும் கட்டடத்துக்குக் கோப்பிக் காலத்துத் துரைமார் வைத்த பெயரும் ஸ்டோர்தான். பழத்தின் தோலை நீக்கி, தொட்டியிலே ஊறவிட்டுக் கழுவி, வெயிலிலே உலர்த்தி, ஸ்டோரிலே சேர்ப்பார்கள். அந்தப் பயிர் போய் 130 ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்தச் சொல் வாயிலே தங்கியிருக்கிறது.

லயத்தின் பின்புறத்திலே, வாழைக்கும் கொய்யாவுக்கும் நடுவே ஒரு கோப்பிச் செடி நின்றது. யார் நட்டது என்று கேட்டேன். “யாரும் நடல்ல ஐயா. தானா மொளைச்சது” என்றார் அம்மா. ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்திலே மஞ்சளும் செம்மையும் கலந்த மாப்பொடி விரலிலே ஒட்டியது. ஒரு காலத்திலே இந்நாட்டின் வங்கிகளையும் பங்களாக்களையும் சரித்த நோய் அது. லயத்துக் கொல்லையிலே அமைதியாக இருந்துகொண்டிருக்கிறது.

அந்த நோய் 1869ஆம் ஆண்டிலே ஊவாப் பகுதியின் மடுல்சீமையிலே முதலில் கவனத்துக்கு வந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் த்வெய்ட்ஸ் நோய் கண்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்ற பங்கசு நிபுணர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை.

இலக்கியத்தில் ஈடுபாடுள்ள நேயர்கள் இந்த 1869ஐச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்திலே கோப்பிக் கிருஷிக் கும்மி என்ற நூல் அச்சாயிற்று. பாடியவர் ஆபிரகாம் ஜோசப். தோட்ட வாழ்வை நேரில் அறிந்தவர். மலையகத்தைப் பாடுபொருளாகக் கொண்டு அச்சேறிய தமிழ் நூல்களிலே மிகப் பழையதாக ஆய்வாளர் கொள்வது இதனையே. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டிலே எளியவர்க்குச் சொல்ல முற்பட்டது அந்நூல். கோப்பியின் பெருமையைப் பாடிய நூல் அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த ஆண்டிலேயே, கோப்பியின் மரணம் மடுல்சீமையில் இலையின் அடியிலே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. புலவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. துரைமாருக்கே தெரியவில்லை. இலை உதிர்ந்தது. மரம் மறுபடி தளிர்த்தது. விலையும் ஏறியிருந்தது. ஆகவே மேலும் மேலும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878இலே கோப்பி நின்ற பரப்பு 275,000 ஏக்கர். பரப்பு கூடியது; ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் குறைந்துகொண்டே போனது.

1880இலே மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் அரசினால் வரவழைக்கப்பட்டார். காற்றிலே பறக்கும் வித்திகளால் நோய் பரவுகிறது என்பதை நிறுவினார். மலைக்கு மேல் மலையாக ஒரே பயிரை, இடையிலே காற்றைத் தடுக்கும் காடுகூட விடாமல் நட்டது நோய்க்குத் தெரு போட்டுக் கொடுத்ததுபோல் ஆயிற்று என்பது அவருடைய ஆய்விலிருந்து விளங்கியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. 1884 மே மாதத்திலே ஒறியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் கப்பலேறிப் போனார்கள். பல தோட்டங்களிலே மாதக்கணக்கான கூலி நிலுவையாகவே நின்றுபோயிற்று.

அடுத்து லூல்கந்துர. கண்டியிலிருந்து கலஹா போய், அங்கிருந்து ஹேவாஹெட்ட மலைகளுக்குள்ளே நுழையவேண்டும். தேயிலையின் பிறப்பிடம் என்று சுற்றுலாப் பயணிகள் வருகின்ற இடம். ஸ்கொட்லாந்திலே 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1852இலே இங்கே வந்தபோது அவர் வந்தது கோப்பிக்காகத்தான். 1867இலே 7ஆம் இலக்க மலையிலே 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். முதற் கொழுந்தைப் பங்களாவின் விறாந்தையிலே, மேசைமேல் வைத்துக் கையால் உருட்டினார்கள். மண் அடுப்பிலே கரி நெருப்பில் உலர்த்தினார்கள்.

அந்த மலையிலே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. டெய்லரின் திறமையையும் பொறுமையையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1892இலே அவர் இறக்கும்வரை இந்த மலையை விட்டகலாமல் உழைத்தவர். கண்டி மகியாவை மயானத்திலே அவருக்குக் கல்லறை உண்டு. பெயரும் நாளும் அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த 19 ஏக்கருக்கும் குழி வெட்டியவர்கள் யார்? விறாந்தையிலே கொழுந்தை உருட்டிய கைகள் யாருடையவை? தேயிலைத் தொழிலாளர் என்று ஒரு கூட்டம் அன்று உலகிலே இருக்கவில்லை இந்த மலையில். இருந்தவர்கள் கோப்பித் தொழிலாளர். கோப்பிக்குக் காட்டை அழித்து, தெரு அமைத்து, லயம் கட்டி, ஸ்டோர் கட்டி வைத்த அந்த 44 ஆண்டுகளின் முதுகின்மேல் ஏறித்தான் தேயிலை வந்தது. 1867இல் கண்டிக்கு ஓடத் தொடங்கிய ரயிலும்கூடக் கோப்பிக்காகப் போடப்பட்ட ரயில்தான். தேயிலை ஆயத்தமான வீட்டுக்குள்ளே குடிவந்தது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜை ஆவதற்கு, அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும் என்றது. கேட்பதற்கு எளிய நிபந்தனை. காட்டுவதற்கு? பிறப்பு, இறப்புகளைப் பதியும் முறை 1867இலே தொடங்கியது. அது கட்டாயமானது 1897இலே. அதாவது கோப்பிக் காலம் முழுவதும் கட்டாயப் பதிவு என்பதே இல்லாத காலம். பறிக்கும் பருவத்துக்கு வந்து போனவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள், லயத்திலே பிறந்து பெயர் பதியாதவர்கள் என்று எத்தனையோ பேர். மலையிலே நான்கு தலைமுறை வாழ்ந்தவரும் ஒரு தலைமுறைக்கான துண்டைக்கூடக் காட்ட முடியாமல் நின்றார்.

ரத்தோட்டை மலையிலே நான் சந்தித்த அம்மாவிடமும் இதைப்பற்றிப் பேசினேன். 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றியது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சமான 150,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்று பங்கு போட்டார்கள். மிச்சத்தை 1974இலே பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அம்மாவின் அக்காள் குடும்பம் எழுபதுகளிலே நீலகிரிக்குப் போய்விட்டது. அங்கேயும் தேயிலைதான். அம்மாவின் குடும்பம் இங்கே நின்றது. பிரஜாவுரிமை கைக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு.

“அதுக்கு முன்னாடி எத்தனை தடவை கேட்டாங்க தெரியுமா ஐயா, ஒன் அப்பன் எங்க பொறந்தான், பாட்டன் எங்க பொறந்தான், கடுதாசி காட்டுன்னு. எங்க பாட்டனோட பாட்டன் நடந்து வந்தாரு. கடுதாசியக் கையில வெச்சுக்கிட்டா நடந்து வந்தாரு?”

எனக்கு அப்போது கீழே கிராமத்திலே கண்ட சிங்களப் பெரியவர் நினைவுக்கு வந்தார். 1840இலே அவருடைய முன்னோரிடம் நிலத்துக்கு ஓலை காட்டு என்றார்கள். 1948இலே இந்த அம்மாவின் தகப்பனிடம் பிறப்புக்குக் காகிதம் காட்டு என்றார்கள். ஒரே மலையின் அடியிலும் முடியிலும் வாழ்கின்ற இரண்டு குடும்பங்கள். இருவரையும் இழப்புக்கு உள்ளாக்கியது ஒரே கேள்வி. நிலத்தைப் பறிகொடுத்தவர், தம் நிலத்திலே குடியேறியவர் இவர் என்று நினைத்தார். குடியேறியவரோ அந்த நிலத்திலே ஓர் அடிகூடத் தமக்கென்று இல்லாதவர். இருவருக்கும் இடையே பகை மூட்டப்பட்ட காலங்களிலே இந்த உண்மையை எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலர். மலையகத்து லயங்களிலே வாழ்கின்ற பெரும்பாலோருக்கு வீட்டுக்கும் காணிக்கும் உறுதி இல்லை என்ற குறை இன்றும் தீர்ந்தபாடில்லை.

2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்து வந்தது. மலையகத்தவரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் மதகுருமாரும் இளைஞரும் சேர்ந்து நடந்தார்கள். முன்னோர் நடந்த அதே பாதை. வழிநெடுகிலும் ஊரவர்கள் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். அந்தப் பாதையிலே தண்ணீர் இல்லாமல் விழுந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான திதி வேறு இருக்க முடியாது.

மலையகத்து நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டு முதியவரிடம் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் துறையிலே இறங்கினார், எந்தத் தோட்டத்திலே பேர் பதிந்தார், வழியிலே யாரை இழந்தார் என்று கேட்டு, ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். தேயிலையை அல்ல, கோப்பியை அவர்கள் சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். எழுதிய நாளையும் சொன்னவரின் வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத்தளை மலையிலே அந்த அம்மா என்னிடம் சொன்ன நான்கு வாக்கியங்களை நான் அன்றே எழுதிக்கொண்டேன். அவருடைய பேரனிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் அதை மடித்து, குடும்பத்தின் அடையாள அட்டைகள் இருந்த பெட்டிக்குள்ளே வைத்தான்.